கவ்வாத்துக் கத்தி

கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் புகைவண்டி அட்டனைக் கடந்து, கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயாவை நோக்கிச் செல்லுங்கால், சன்னலருகே அமர்ந்திருக்கும் பயணி சில வேளைகளில் ஒரு விந்தையைக் காண்பான். சரிவெங்கும் பசுமை தழைத்திருக்க, நடுவே ஒரு துண்டு நிலம் மட்டும் இலையின்றிக் கரிய குச்சிகளாய், தீப்பட்டது போல நிற்கும். ஊருக்குப் புதியவர் அதனை வறட்சி என்றோ நோய் என்றோ எண்ணுவர். தோட்டத்தார் அதனைக் 'கவ்வாத்து மலை' என்பர். தோட்டத் தமிழில் மலை என்பது தேயிலை பயிரான நிலப்பகுதியையும் குறிக்கும். கவ்வாத்து என்பது செடியின் கிளைகளை மட்டமாக வெட்டி விடுதல். அந்த மலையில் அண்மையிற் கத்தி நடந்திருக்கிறது என்பதே அக்காட்சியின் பொருள்.

இலங்கைத் தேயிலையின் வரலாறு பெரும்பாலும் கொழுந்தின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. கூடை சுமந்த பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரத் தாள்களிலும் உலகெங்கும் சென்றது. அவள் கொழுந்து பறிப்பதற்கேற்ற செடியை உண்டாக்கிய கத்தியையும், அக்கத்தியை ஏந்திய கையையும் எந்தப் பெட்டியிலும் எவரும் அச்சிடவில்லை. எனினும், கத்தி இல்லையேல் தேயிலைச் செடி என்று ஒன்று இல்லை. தன்போக்கில் விட்டால் அது முப்பது நாற்பது அடி உயர்ந்து மரமாகி, பூத்துக் காய்க்கும். அம்மரத்தை இடுப்பளவில் நிறுத்தி, மேற்பரப்பை மேசைபோல் பரப்பி, ஓயாமல் இளந்தளிர் ஈனச் செய்வது கவ்வாத்து. தாழ்நாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வளர்ச்சி மந்தமான மலையுச்சித் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இது நடைபெறும். நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. அங்கு ஒரு செடி தன் வாழ்நாளிற் கத்தியைச் சந்திக்கும் தடவைகள் சிலவே. ஆகவே ஒவ்வொரு தடவையும் பெரிது.

மலைநாட்டுத் தோட்டங்கள் தேயிலையோடு தொடங்கவில்லை. 1820களிற் சிறிதாகத் தொடங்கி, 1840களிற் பெருகிய பயிர் காப்பி. காப்பிக்கும் வெட்டுண்டு, ஆனால் அது வேறு வகை வெட்டு. காப்பிச் செடி காய்க்காகப் பயிராவது. அதன் உச்சியை ஓரளவில் நிறுத்தியபின், பக்கக் கிளைகளிற் காய்த்து ஓய்ந்தவற்றை நீக்குவதும், வீணே முளைக்கும் நீர்த்தளிர்களைக் கிள்ளுவதுமே பெரும்பகுதி வேலை. இவற்றுட் பின்னையதற்குக் கத்தியே தேவையில்லை, விரல்களே போதும். கிளைகளும் பெரும்பாலும் சுண்டுவிரற் பருமனே. ஆங்கிலேயத் தோட்டக்காரர் தம் நாட்டிற் சட்டைப்பையிற் கொண்டு திரிந்த மடக்குக் கத்தி, அதாவது செபீல்டு நகரத்துப் பட்டறைகளில் வளைந்த அலகோடு செய்யப்பட்ட கிளைவெட்டும் கத்தி, அத்தகைய வேலைக்கு ஈடுகொடுக்கக் கூடியது.

1869 ஆம் ஆண்டிற் காப்பி இலைகளில் செம்பொடி நோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் காப்பி ஏறக்குறைய மறைந்தது. அந்நோய் வருவதற்கு இரண்டாண்டு முன்பே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் கண்டிக்கு அப்பாலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1884 இல் இருப்புப்பாதை அட்டனையும், அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் எட்டியபோது, அச்சரிவுகளிற் காப்பிக் கட்டைகளின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. பயிர் மாறியது, கூலியாட்கள் மாறவில்லை. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரோடு வந்து காப்பிக் காட்டில் உழைத்தவர்களும் அவர்தம் மக்களுமே, கையிற் பழகிய பழைய வெட்டை மறந்து, புதிய வெட்டைப் பயில வேண்டியவராயினர்.

அந்தப் புதிய வெட்டு யாது? வெட்டுவோன் செடியின் ஒரு கிளையை இடக்கையால் வளைத்துப் பிடிக்கிறான். வலக்கைக் கத்தி கீழிருந்து மேல்நோக்கி, சற்றுத் தன்பக்கமாக இழுபட்டு, ஒரே வீச்சிற் கிளையைச் சரிவாக அறுத்துச் செல்கிறது. மேலிருந்து கீழ்நோக்கி வெட்டினால் கிளையின் எஞ்சிய அடி பிளக்கும். பட்டை நாராக உரியும். தட்டையாக வெட்டினால் வெட்டுவாயில் நீர் தேங்கும். பிளந்த வாயிலும் தேங்கிய நீரிலும் பூஞ்சணம் குடிகொண்டு, மரம் உள்ளூர அழுகி, நோய் மெல்ல மெல்ல வேரை நோக்கி இறங்கும். ஆகவே சுத்தமான சரிவு வேண்டும். அதுவும் இரண்டாம் வெட்டுக்கு இடமின்றி வேண்டும். தேயிலைக் கட்டை முதிர்ந்து கெட்டிப்பட்ட மரம். அதில் பழைய கவ்வாத்துகளின் கணுக்கள் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். பெருவிரலினும் தடித்த கிளைகளை நாளெல்லாம், மழைத் தூறலிலும் பனிமூட்டத்திலும், கால் வழுக்கும் சரிவில் நின்று, செடி செடியாக வெட்டிச் செல்ல வேண்டும்.

ஒரு கத்தியை நல்லது என்பதா தீது என்பதா என்ற கேள்விக்கு மலைநாட்டில் விடை தந்தது இவ்வேலையே. மடக்குக் கத்தி இங்குத் தோற்றது. அது தோற்ற காரணம் ஆராயத் தக்கது; ஏனெனில், இன்றும் பெரிய மடக்குக் கத்திகளை விரும்பி வாங்குவோர் பலர் எண்ணிப் பாராத செய்தி அதில் அடங்கியிருக்கிறது.

மடக்குக் கத்தி பழமையான கருவி. ஐரோப்பாவில் இரும்புக் காலத்துப் புதைகுழிகளிலேயே எலும்புப் பிடியோடு கூடிய மடக்குக் கத்தி கிடைத்துள்ளது. யாழ்ப்பாணத்தார் வில்லுக்கத்தி என்பதும், பள்ளிப் பிள்ளைகள் பேனாக்கத்தி என்பதும் அதன் சிறு வடிவங்களே. இறகு எழுதுகோலைச் சீவுவதற்கென்று பிறந்ததனால் பேனாக்கத்தி என்ற பெயர் வந்தது. அதன் சிறப்பெல்லாம் பையில் அடங்குவதில் இருக்கிறது. அக்கத்தியைப் பெரிதாக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. மடங்கிய அலகு பிடிக்குள் அடங்கியாக வேண்டும். ஆதலால், அலகு எவ்வளவு நீளமோ அதனினும் நீண்டதாகப் பிடி அமையும். பிடிக்குள் அலகு புகுவதற்குப் பள்ளம் வேண்டும், அப்பள்ளத்தின் இருபுறமும் தகடு வேண்டும், வில் வேண்டும், ஆணி வேண்டும். இவ்வளவும் சேர்ந்து பாரத்தைப் பின்னுக்கு, உள்ளங்கைக்குள் இழுத்துவிடும். கிளை வெட்டுவோனுக்கு வேண்டியது நேர்மாறானது. பாரம் பிடிக்குச் சற்று முன்னே, அலகின் அடியில் நிற்க வேண்டும். அப்போது வீச்சைக் கத்தியே கொண்டு செல்லும். மணிக்கட்டு வழிகாட்டினாற் போதும். பாரம் பின்னே நின்றால் ஒவ்வொரு வெட்டையும் தோளே சுமக்க நேரிடும். பத்துச் செடியில் இது தெரியாது. நூறாவது செடியிற் கை சொல்லும்.

இரண்டாவது குறை மூட்டு. வில்லினால் மட்டும் நிற்கும் அலகு, கூர்ப்பக்கம் அழுந்தும்வரை திறந்தே நிற்கும். கணுவிற் சிக்கிய அலகை அசைத்துப் பிடுங்கும்போதோ, முதுகுப்பக்கம் மற்றொரு கிளையில் மோதும்போதோ அது விரல்மேல் மடங்கும். இக்குறையை நீக்க மேனாட்டார் நெடுநாள் முயன்றனர். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினல் 1890 இற் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக் கத்திக்கு, 1955 இலேதான் அலகைத் திறந்தபடி நிறுத்தும் வளையப் பூட்டு பொருத்தப்பட்டது. அமெரிக்காவில் 1964 ஆம் ஆண்டளவில் வெளிவந்த பக் கத்தி, முதுகில் அமைந்த வலிய பூட்டினால் வேட்டைக்காரரிடையே பெயர் பெற்றது. 1980களில் அலகில் துளையிட்டுக் கட்டைவிரலாலேயே ஒரு கையாற் திறக்கும் வகை வந்தது. அதன்பின், போர்வீரர் பாணியிற் பெரிய மடக்குக் கத்திகள் சந்தையை நிறைத்தன. பூட்டு வலுத்தது உண்மை. ஆயினும் அச்சாணி அச்சாணியே. நாள்தோறும் ஆயிரம் அதிர்ச்சி தாங்கும் மூட்டில் பக்க ஆட்டம் வந்தே தீரும். இதனோடு தேயிலைப் பாலும் மரத்தூளும் மழை நீரும் மூட்டில் இறங்கும். தேயிலைத் துவர்ப்புச் சத்து இரும்பைத் தொட்டாற் கருமையாகும் என்பதை, இரும்புப் பாத்திரத்திற் தேநீர் ஊற்றியவர் அறிவர். மூட்டுக்குள் அக்கறையும் துருவும் பிடித்தபின், ஒரு கையாற் திறக்கும் வசதி எங்கே?

பிடியிலும் ஒரு செய்தி உண்டு. மடக்குக் கத்தியின் பிடி, அலகை மறைக்கும் உறை. உள்ளங்கைக்கு ஏற்ற உருட்சி அதற்கு இரண்டாம் பட்சம். தட்டையான ஓரங்கள் ஒரு மணி நேரத்திற் தெரியாது. ஒரு நாளிற் கொப்புளமாகும். கவ்வாத்துக் கத்தியின் பிடி வெறும் மரம். ஈரத்தில் வழுக்கினால் துணி சுற்றலாம்; பருத்திருந்தாற் சீவலாம்; உடைந்தால் காட்டில் ஒரு கிளை வெட்டி மாற்றலாம். கருவியைத் தன் கைக்கு இணங்கச் செய்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு இருந்த மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று என்றாலும் தவறாகாது.

மடக்குக் கத்தி தோட்டத்தைவிட்டு முற்றிலும் நீங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விதையினின்று நாற்று வளர்ப்பதை விட்டு, தேர்ந்த செடியின் தண்டை ஓர் இலையோடு நறுக்கிப் பதியன் செய்யும் முறையைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்தது. 1950களின் இறுதியிலிருந்து மறுநடவு பரவியபோது நாற்றுமேடைகள் பெருகின. பச்சைத் தண்டை நசுக்காது நறுக்குவதற்கு மெல்லிய கூரே வேண்டும். சிறு கத்தியோ சவர அலகோ போதும். அங்கே வீச்சும் இல்லை, பாரமும் இல்லை. கருவி பெரிது சிறிது என்பதில் ஒன்றுமில்லை; வேலையறியாது கருவியை மதிப்பிடுவதிலேதான் பிழை.

இனி அலகு. மலைநாட்டுக்குத் தெற்குச் சரிவில், பலாங்கொடைக்கு அருகே சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டு, 1996 இல் ஆய்வாக வெளிவந்தன. கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை அவை எரிந்தன. கண்டிக் கொல்லரின் 'பிஹா கெட்ட' என்னும் அழகிய கத்தி, வெள்ளிப் பூணும் செதுக்கு வேலையுமாக இன்று கொழும்பிலும் இலண்டனிலும் அருங்காட்சியகப் பேழைகளில் உள்ளது. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலில், மறையும் தறுவாயிலிருந்த உள்நாட்டு இரும்புத் தொழிலையும் பதிவு செய்தார். தோட்டங்கள் எழுந்த காலத்தில் மேனாட்டு எஃகு மலிந்துவிட்டது. எனினும் எந்த நாட்டு எஃகானாலும் கணுவின்முன் ஒரே சோதனைதான். பதம் மிகுந்தால் கூர் சில்லு விடும்; பதம் குறைந்தால் கூர் மடியும். வெட்டுவோர் பலர் தீட்டுக்கல்லை உடன் கொண்டே மலைக்குச் செல்வர். மழுங்கிய கத்தி வெட்டாது, கிழிக்கும்.

இவ்வளவு அறிவும் எங்கே எழுதப்பட்டது? தோட்டத்தில் நாள் விடிவது தப்போசையில். ஆட்கள் திரள்வது பெரட்டுக் களத்தில். படையணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தமிழர் நாவிற் பெரட்டு ஆயிற்று. கவாத்து என்ற சொல்லுக்கும் தமிழிற் படைப்பயிற்சி என்று ஒரு பொருள் இருப்பது தற்செயலாக இருக்கலாம். பெரட்டில் ஆண்களுக்குக் கத்தி வேலையும், பெண்களுக்குக் கொழுந்தும் பிரித்துவிடப்படும். கவ்வாத்துக்காரனுக்கு இத்தனை செடி என்று கணக்கு. கணக்கு முடிந்தால் ஒரு 'பேர்', அதாவது ஒரு நாட் கூலி, செக்றோலில் விழும். குறைந்தால் அரைப் பேர். கணக்கப்பிள்ளையின் எழுதுகோல் எண்ணிக்கையை மட்டும் அறிந்திருந்தது. அஸ்ஸாமிலும் வங்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் கவ்வாத்துக்குக் 'கலம்' என்று பெயர். எழுதுகோலுக்கும் அங்கே அதுவே பெயர். இலங்கைத் தோட்டங்களிலோ அவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்தன.

இதனால் நேர்ந்த தீங்கு சிறிதன்று. நிதானமாக, கிளைக்கு ஒரு வெட்டாக, சரிவு தவறாது வெட்டியவனுக்கும், எண்ணிக்கைக்காக அடித்துத் தள்ளியவனுக்கும் அன்று மாலை ஒரே பேர். வேற்றுமை ஏட்டில் வராது; செடியில் வரும்; அதுவும் பல ஆண்டுகள் கழித்து. பிளந்த கட்டையில் அழுகல் இறங்கிச் செடி பட்டுப்போகும்போது, நிரையில் ஒரு வெற்றிடம் விழும். அப்போது மண்ணையும் மழையையும் குறை கூறுவர். கங்காணி அதட்டினான், துரை பார்வையிட்டார் என்பதெல்லாம் உண்மையே. ஆயினும், வெட்டின் தரத்துக்கு விலை வைக்காத கணக்கு முறையில் தரம் நிலைத்திருந்தது என்றால், அது பெரும்பாலும் தொழிலாளரின் சொந்த மானத்தினால் நிலைத்தது.

1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, பின்னர்த் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. செடி கவ்வாத்தைத் தாங்குமா என்பதற்கு அதன் வேரே சான்று என்பது ஆராய்ச்சியின் வழியே தெளிவாயிற்று. இலையற்ற செடி மீண்டும் தளிர்ப்பது வேரிற் சேர்த்துவைத்த மாச்சத்தைக் கொண்டே. பென்சிற் பருமனுள்ள வேரை நறுக்கி அயடீனில் நனைத்தால், மாச்சத்துள்ள வேர் கருநீலமாகும். வெளிறி நின்றால் கத்தியைத் தள்ளிவைக்க வேண்டும். ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைத்து, தளிர் வந்தபின் நீக்கும் வழக்கமும் இக்காரணம் பற்றியதே. வெட்டிய இலையும் சுள்ளியும் மண்ணிலேயே மக்கட்டும் என்பது ஆராய்ச்சியாளர் அறிவுரை. லயத்து அடுப்புகளுக்கோ அந்த மிலாறுதான் விறகு. பெண்கள் மாலையில் மிலாற்றுக் கட்டைச் சுமந்து இறங்குவதை எந்த அறிவுரையும் நிறுத்தவில்லை, நிறுத்தியிருக்கவும் கூடாது.

1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. இளந்தளிரையே அது பற்றும்; அதிலும் கவ்வாத்துக்குப்பின் துளிர்க்கும் தளிரை விடாது பற்றும். கடுங்கோடையில் வெட்டினால் வெயில் பட்டையைச் சுடும். மழைக்காலத்தில் தளிர்த்தால் நோய் தின்னும். வெட்டுவதற்குரிய காலம் சுருங்கிற்று. செப்பு மருந்து தெளிப்பது கட்டாயமாயிற்று. கவ்வாத்துக்காரனின் திறமை முன் எப்போதையும்விடத் தேவைப்பட்ட ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளிலேயே, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனையும் அவன் குடும்பத்தையும் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. அதற்கு அடுத்த ஆண்டாகிய 1965 இல் இலங்கை உலகிலேயே மிகுதியாகத் தேயிலை ஏற்றுமதி செய்த நாடாயிற்று.

அனுப்பப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரிக்குச் சென்றனர். அவர்களைக் குடியேற்றுவதற்கென 1968 இற் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னர் 'டான்டீ' என்னும் கழகமாயிற்று. கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிற் புதிதாக எழுந்த தேயிலை மலைகளில், டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் பயின்ற கைகள் மீண்டும் கத்தியெடுத்தன. தலைமன்னாரில் அவர்கள் கப்பலேறியபோது பெட்டியும் பாயும் சோதிக்கப்பட்டன. மணிக்கட்டிலிருந்த பயிற்சிக்குச் சுங்கம் இல்லை.

இலங்கையிற் தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளுக்கு மாறியது. ஆண் பெண் நாட்கூலி 1984 இற் சமமாக்கப்பட்டது. இளைஞர் நகரங்களை நாடியதால் கவ்வாத்துக்கு ஆள் குறைந்தது; எஞ்சின் பூட்டிய வெட்டுப்பொறிகள் வந்தன. பொறி விரைவானது, தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் பலரது கணக்கை ஒரு நாளில் முடிப்பான். வட்டமாகச் சுழலும் அதன் பல் எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டத்தில் அறுக்கும்; பட்ட கிளையையும் உயிர்க்கிளையையும், கணுவையும் மொட்டையும் அது வேறுபடுத்தாது. கம்பளைக்கும் புசல்லாவைக்கும் இடையே பழைய லய அறைகளில் 2007 இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், அம்மக்கள் புழங்கிய கருவிகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மலைகளிலோ, பொறி சென்ற நிரைகளின் பின்னே, பிசிறிய கட்டைகளைச் சீவிவிடவும், செடியின் நடுவிலுள்ள பட்ட மரத்தைக் களையவும் கத்தியோடு ஓர் ஆள் இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.